ஹாலில் கற்பது ஷெட்டுக்கு ஏன் வருவதில்லை?

கோவை அவினாசி சாலை ஓட்டல்களின் மீட்டிங் ஹால்களில் வாரநாள்களில் ஏதாவது ஒரு கம்பெனியின் தலைமைப் பயிற்சி நடப்பது இன்று சாதாரணம். உள்ளே பம்பு கம்பெனியின் புரொடக்‌ஷன் இன்ஜினியர்கள், மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர்கள், ஃபவுண்டரி ஷிப்ட் இன்சார்ஜ்கள் இருப்பார்கள். திருப்பூரில் என்றால் லைன் சூப்பர்வைசர்களும் மெர்ச்சன்டைசர்களும். சரவணம்பட்டி, கீரநத்தம் பக்கம் ஐடி கம்பெனி டீம் லீடுகள். போய் வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்பார். கம்பெனி செலவு செய்து அனுப்பியதைக் குறை சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் அவ்வளவு எளிதில் மனம் வராது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால்தான் அடுத்தது வரும். "சொன்னதெல்லாம் சரிதானுங்க. ஆனா நம்ம கம்பெனில அதெல்லாம் நடக்குமுங்களா?"

இந்த இரண்டாவது பேச்சைத்தான் கம்பெனிகள் காதில் வாங்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி பிடிக்கவில்லை என்பது தவறான முடிவு. படிக்கக் கிடைத்த வாய்ப்பை விடாதவர்கள்தான் அவர்கள். பயிற்சியில் சொன்னபடி நடக்க வேலை செய்யும் இடத்தில் இடம் இருக்கிறதா என்பதுதான் அவர்களுடைய சந்தேகம். எழுபது வருடத்து ஆராய்ச்சியும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

முதலில், கம்பெனிகள் ஏன் இந்தப் பயிற்சிகளை நடத்துகின்றன என்று பார்க்கலாம். கொங்கு நாட்டுத் தொழில்களில் பெரும்பாலானவை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சரக்கு அனுப்புபவை. ஐஎஸ்ஓ 9001:2015 என்ற தர நிர்வாகச் சான்று வைத்திருக்கும் கம்பெனி, வேலைக்குத் தேவையான திறமை ஊழியர்களிடம் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். அதற்காகப் பயிற்சி கொடுத்தால் அது பலன் தந்ததா என்று பார்க்க வேண்டும். ஆவணமும் வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் தரத்தின் 7.2ஆம் பிரிவு சொல்கிறது. வாகன உதிரிபாகம் வார்க்கும் ஃபவுண்டரிகளுக்கு, வாகனத் தொழிலுக்கான ஐஏடிஎஃப் 16949 தரம் இன்னும் கறாரானது. திருப்பூர் ஏற்றுமதி யூனிட்டுகளில் வெளிநாட்டு பையர்களின் ஆடிட் வரும்போதும் பயிற்சிப் பதிவேட்டைக் கேட்கிறார்கள். ஆக ஹெச்ஆர் மேசையில் ஒரு டிரெயினிங் கேலண்டர், ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு டார்கெட். ஆடிட்டுக்கு முந்தின மாதம் திடீரென்று ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டால் எதற்கு என்று ஷிப்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டுக்காக நடக்கும் வகுப்பில் அதற்குரிய கவனத்தோடுதான் ஆட்கள் உட்காருவார்கள்.

பதிவேட்டைத் தாண்டி நிஜமான தேவையும் இருக்கிறது. நன்றாகத் தைக்கும் டெய்லரை சூப்பர்வைசர் ஆக்குகிறோம். நன்றாக மெஷின் பார்க்கும் ஃபிட்டரை ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்குகிறோம். நேற்று வரை கைவேலையில் கெட்டிக்காரர். இன்று முப்பது பேரிடம் வேலை வாங்க வேண்டும். சண்டை தீர்க்க வேண்டும், லீவு கேட்பவரிடம் பேச வேண்டும், புதிதாக வந்த பையனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதில் எதையும் அவருக்கு யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. தன்னிடம் முன்பு கத்திய சூப்பர்வைசரைப் பார்த்துத்தான் அவர் சூப்பர்வைசர் வேலையைக் கற்றிருப்பார். அதனால் பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

கொங்கு நாட்டில் தலைமை என்பதற்கு ஊழியர்களிடம் ஏற்கெனவே ஒரு அளவுகோல் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகிய காலத்திலிருந்து இங்கே தொழில் என்பது பெரும்பாலும் பக்கத்தில் நின்று கற்றதுதான். பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் 1926இல் வந்தது, நூற்பாலைகளுக்காக சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 1956இல் வந்தது. சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி தரும் இடமாக சிட்ரா இன்றும் இருக்கிறது. ஆனாலும் பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் மரியாதை போவது வேலை தெரிந்தவருக்குத்தான். திருப்பூரில் கம்பெனி நடத்தும் பலர் கட்டிங் மேசையிலோ மெஷினிலோ தொடங்கியவர்கள். கோவையில் லேத் ஓட்டிய கையோடு கம்பெனி தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்தால் தானே உட்கார்ந்து சரி செய்யும் முதலாளியைப் பார்த்தவர்கள் இந்தத் தொழிலாளர்கள். அவர்கள் முன்னால் ஷெட்டில் ஒரு நாளும் நிற்காத பயிற்சியாளர் வந்து 'விஷன்' பற்றி அரை நாள் பேசினால் கேட்டுக்கொள்வார்கள், ஒட்டாது. "அவர் ஷிப்மென்ட் பாத்திருக்காருங்களா?" என்று டீ இடைவேளையில் கேட்பது அவமரியாதை அல்ல, நியாயமான கேள்வி.

சரி, அப்படியானால் பயிற்சி முடிவில் வாங்கும் ஃபீட்பேக் ஃபார்மில் எல்லாம் ஐந்துக்கு நான்கரை என்று வருகிறதே? அந்த ஃபார்ம் நிரம்பும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் தெரியும். மாலை ஐந்து மணி. ஹெச்ஆர் பெண் வரிசையாக ஃபார்ம் கொடுத்துக்கொண்டே, "அஞ்சு நிமிஷம்தானுங்கண்ணா" என்கிறார். பயிற்சியாளர் அதே ஹாலில் லேப்டாப் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். மேலே பெயர், எம்ப்ளாயி நம்பர் என்று இரண்டு கட்டம். ஒருவர் முதல் கேள்வியில் டிக் அடித்துவிட்டு அதே கோட்டில் கீழே வரைக்கும் இறக்குகிறார். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து அதையே போடுகிறார். 'எதை மேம்படுத்தலாம்' என்ற கட்டத்தில் 'குட்' என்று எழுதுகிறார். வாசலில் கம்பெனி வேன் கிளம்பத் தயாராக நிற்கிறது. பெயர் எழுதி, மேலதிகாரி கைக்குப் போகப்போகும் தாளில் வேறு என்ன எழுதுவார்கள்?

இந்த ஃபார்ம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார். கலந்துகொண்டவருக்குப் பிடித்ததா, எதையாவது கற்றாரா, திரும்பிப் போய் வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் கம்பெனிக்குப் பலன் வந்ததா. ஃபீட்பேக் ஃபார்ம் முதல் படியோடு நின்றுவிடும். 1997இல் ஜார்ஜ் அலிகரும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி பிடித்திருந்தது என்று சொல்வதற்கும் அதை வேலையில் பயன்படுத்துவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று தெரிந்தது. 'எனக்கு இது உபயோகப்படும்' என்று சொல்வதற்கு மட்டும் கொஞ்சம் மதிப்பு இருந்தது. நம் கம்பெனிகளில் பெரும்பாலும் கேட்கப்படுவது ஹால் எப்படி, சாப்பாடு எப்படி, பயிற்சியாளர் எப்படி என்பதுதான்.

இனி விஷயத்தின் நடுவுக்கு வரலாம். எட்வின் ஃபிளைஷ்மன் 1953இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற டிராக்டர், லாரி கம்பெனியின் ஃபோர்மன்களுக்கு ஆட்களிடம் மனிதத்தன்மையோடு பழகுவது பற்றிப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி முடிந்த கையோடு கேட்டபோது அவர்கள் மனப்போக்கு மாறியிருந்தது. தொழிற்சாலைக்குத் திரும்பிய பிறகு பார்த்தால், ஒவ்வொரு ஃபோர்மனும் தன் மேலதிகாரி எப்படி நடந்துகொள்கிறாரோ அப்படித்தான் நடந்துகொண்டார். மேலே இருப்பவர் ஆட்களை மதிப்பவரானால் கீழே இருப்பவரும் மதித்தார். மேலே அதட்டல் என்றால், பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் ஒரே மாதிரிதான்.

இதைத் திருப்பூர் லைனில் வைத்துப் பார்ப்போம். சூப்பர்வைசர் இரண்டு நாள் வகுப்பில் பொறுமையாகக் கேட்பது எப்படி, தப்பைச் சுட்டிக்காட்டும்போது ஆளைத் திட்டாமல் வேலையைப் பற்றிப் பேசுவது எப்படி என்று கற்று வந்திருக்கிறார். நன்றாகவே புரிந்தும் இருக்கிறது. மறுநாள் ஒன்றரை ஷிப்ட். கன்டெய்னர் ராத்திரி கிளம்ப வேண்டும். ஆறு மணிக்கு ஃபேக்டரி மேனேஜரின் போன்: "பீஸ் எத்தனை ஆச்சு? அங்க என்ன பண்ணீட்டு இருக்கறீங்க?" அரை மணி கழித்து மறுபடியும் போன். அந்த நேரம் பார்த்து ஃபிளாட்லாக் டெய்லர் ஒரு அம்மா எழுந்து வந்து, குழந்தைக்குக் காய்ச்சல், ஏழு மணிக்குப் போகட்டுமா என்று கேட்கிறார். விடலாம் என்று சூப்பர்வைசருக்குத் தோன்றுகிறது. மாற்று ஆள் போட அவருக்கு அதிகாரம் இல்லை. லீவு சொல்லும் அதிகாரமும் இல்லை. "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்கக்கா" என்கிறார். மேனேஜர் முதலாளியைக் கேட்பார். பதில் வரும்போது எட்டு மணி ஆகியிருக்கும்.

அந்த அம்மாவின் கண்ணில் அன்றைக்கு சூப்பர்வைசர் எப்படித் தெரிந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பயிற்சியில் சொன்ன குணம் எதுவும் அவரிடம் குறையவில்லை. ஒரு முடிவு எடுக்கும் உரிமைதான் குறைந்தது. அதை எந்த வகுப்பும் கொடுக்க முடியாது. முதலாளி ஒருவரால்தான் முடியும். இங்கே பெரும்பாலான கம்பெனிகள் குடும்பத்தார் நடத்துபவை. ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ், ஒரு நாள் லீவு, ஒரு மெஷின் பெல்ட் வாங்குவது வரைக்கும் முதலாளியின் போனுக்குப் போகும். கம்பெனி சின்னதாக இருந்தபோது அதுவே பலமாகவும் இருந்தது; ஐந்து நிமிடத்தில் முடிவு கிடைத்தது. இருநூறு பேர், மூன்று யூனிட் என்று வளர்ந்த பிறகும் அதே பழக்கம் தொடர்ந்தால் நடுவில் இருப்பவர்கள் செய்தி கடத்துபவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். அவர்களைத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்புவது அவர்களுக்கே உறுத்துகிறது. "எங்களுக்கு எதுக்குங்க, மேல இருக்கறவங்களுக்கு மொதல்ல நடத்தச் சொல்லுங்க" என்ற பேச்சை மில்லிலும் கேட்கலாம், ஐடி கம்பெனியிலும் கேட்கலாம். ஃபிளைஷ்மன் ஆய்வு சொன்னதையேதான் இவர்களும் தங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள்.

இரண்டாம் தலைமுறை பொறுப்பேற்ற கம்பெனிகளில் இது கொஞ்சம் வேறு மாதிரி. மகனோ மகளோ எம்பிஏ முடித்துவிட்டு வந்து, பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறார்கள். பயிற்சிக்குச் செலவு செய்வதும் அவர்கள்தான். ஆனால் அப்பா பழையபடி காலையில் ஷெட்டுக்குள் வந்து சூப்பர்வைசர் போட்ட ஆளை மாற்றிவிடுவார். அப்புறம் ஊழியர்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து நடக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இது வராது.

பயிற்சிக்கு யார் போகிறார்கள் என்பதிலும் ஊழியர்களுக்கு வருத்தம் உண்டு. இதற்கும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. இந்தியாவின் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் அச்யுதா அத்வர்யு உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் செய்து 2023இல் வெளியிட்டது. லைன் சூப்பர்வைசர்களில் யாருக்கு முதலில் பயிற்சி கொடுக்கலாம் என்று இடைநிலை மேனேஜர்களிடம் பரிந்துரை கேட்டார்கள். ஆனால் குலுக்கல் முறையில்தான் ஆட்களைப் பிரித்தார்கள். மேனேஜர்கள் உயர்வாகப் பரிந்துரைத்தவர்களிடம் உற்பத்தி ஏறவில்லை. குறைவாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களிடம்தான் சுமார் 12 சதவீதம் ஏறியது. மேனேஜர்களுக்கு ஆட்களைப் பற்றித் தெரியாமல் இல்லை. ஒரு சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனால் தலைவலி மேனேஜருக்கு. அதனால் போய்விடக் கூடாது என்று நினைத்தவர்களை முன்னால் போட்டார்கள், பயிற்சி பெற்ற பிறகு அவர்கள் விலகுவதும் குறைந்தது. நம் பக்கம் வெளியே தெரியும் குறை இன்னும் எளிமையானது: அன்றைக்கு லைனில் யாரை விட்டுக்கொடுக்க முடியுமோ அவர் போவார், அல்லது வேண்டியவர் போவார். நிஜமாகத் தேவைப்படுபவர் வேலையை விட்டு வர முடியாமல் ஷெட்டிலேயே இருப்பார்.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவர்களில் பெண்கள் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அப்படிக் கஷ்டப்பட்டு சூப்பர்வைசர் ஆனவருக்கு, ஊட்டியிலோ ஆனைகட்டியிலோ இரண்டு ராத்திரி தங்கிப் பயிற்சி என்றால் வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவார்? ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தால் வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வும் போய்விடும். பேர் கொடுக்கவில்லை என்றால், "அவங்களுக்கு ஆர்வம் இல்லீங்க" என்று குறித்துக்கொள்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ரிசார்ட்டில் கயிறு இழுத்து விளையாடித்தான் தலைமை வர வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். ஸ்லைடு எல்லாம் ஆங்கிலம். பயிற்சியாளர் தமிழில் பேசினாலும் திரையில் ஓடுவதைப் படிக்க முடியாதவர் பின் வரிசைக்குப் போய்விடுகிறார். இன்றைய திருப்பூரிலும் கோவையிலும் லைனில் இருப்பவர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் நிறைய. ஒரு சூப்பர்வைசருக்கு அன்றாடம் வரும் பாதிச் சிக்கல், அரைகுறை இந்தியில் வேலை சொல்லி அது தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதுதான். அவருக்கு இருபது மணி நேரம் பேச்சு இந்தியும், அந்த ஊர்க்காரர்கள் எப்போது ஊருக்குப் போவார்கள், ஏன் போவார்கள் என்ற தெளிவும் கொடுத்தால் அதுவே பெரிய தலைமைப் பயிற்சி.

ஐடி பக்கத்தில் குறை வேறு உருவத்தில் வருகிறது. அங்கே ஆன்லைன் மாட்யூல்கள். வருடத்திற்கு இத்தனை மணி நேரம் முடித்தால்தான் அப்ரைசலில் டிக் விழும் என்பதால், வேலைக்கு நடுவே வேறு விண்டோவில் வீடியோவை ஓடவிட்டு 'நெக்ஸ்ட்' அழுத்துகிறார்கள். ஆனால் நல்ல மேனேஜர் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசினால் அதைப் பெரிதாகச் சொல்கிறார்கள். அங்கேயும் மனிதர்தான் தேவைப்படுகிறார்.

காசு விஷயத்தை யாரும் வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள், எல்லோர் மனதிலும் அது இருக்கும். மேலே சொன்ன அத்வர்யு உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேறொரு ஆய்வில், பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேரத்தைத் திட்டமிடுவது, சிக்கல் தீர்ப்பது போன்றவற்றில் பல மாதங்களாகப் பிரித்துக் கொடுத்த பயிற்சியையும் ஆராய்ந்தார்கள். உற்பத்தித்திறன் 13 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கூலி ஏறியது மிகச் சொற்பம். கம்பெனிக்குப் போட்ட காசைவிடப் பல மடங்கு திரும்பக் கிடைத்தது. பயிற்சி பலன் தரும் என்பதற்கு இது நல்ல சான்று. பலன் யாருக்குப் போகிறது என்று ஊழியர்கள் கேட்பதற்கும் இதுவே சான்று. சூப்பர்வைசர் என்று பெயர் மாற்றி, பயிற்சிக்கு அனுப்பி, இத்தனை வருடம் விலகக் கூடாது என்று பாண்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டுச் சம்பளத்தை அப்படியே வைத்திருந்தால், அந்தப் பயிற்சியை அவர் எப்படி நன்மையாகப் பார்ப்பார்?

அப்படியானால் எது வேலை செய்கிறது? 2017இல் கிறிஸ்டினா லாசரென்சாவும் சக ஆய்வாளர்களும் தலைமைப் பயிற்சி பற்றிய 335 ஆய்வு மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் நாம் நினைப்பதைவிட இந்தப் பயிற்சிகள் நன்றாகவே பலன் தருகின்றன என்பது அதன் முடிவு. எதெல்லாம் பலனைக் கூட்டியது என்று பார்த்தால், முன்கூட்டியே தேவையைக் கேட்டறிவது, செய்து பழகவிடுவது, குறைநிறையைச் சொல்வது, ஒரே மூச்சில் முடிக்காமல் இடைவெளி விட்டு நடத்துவது, வேலை செய்யும் இடத்திலேயே நடத்துவது. டீக்கடையில் நம் சூப்பர்வைசர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரியும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்குத் திடீரென்று ஆயிரக்கணக்கில் புதிய சூப்பர்வைசர்கள் தேவைப்பட்டார்கள். 1940இலிருந்து 1945 வரை 'டிரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டம் நடந்தது. வேலை சொல்லிக் கொடுப்பது, வேலை முறையைச் சீர்படுத்துவது, ஆட்களோடு உறவு என்று மூன்று பாடம். ஒவ்வொன்றும் பத்து மணி நேரம், இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து வகுப்பு, சிறு குழு. ஒவ்வொருவரும் தன் ஷெட்டில் நிஜமாக நடந்த ஒரு சிக்கலைக் கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். கடைசியில் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டை. உறவு பற்றிய அட்டையில் நான்கே படி: விவரம் சேர், எடைபோட்டு முடிவெடு, செயல்படு, விளைவைப் பார். போருக்குப் பிறகு இது ஜப்பானுக்குப் போய் அங்குள்ள தொழிற்சாலைகளில் வேரூன்றியது. நாற்பது பேர் பட்டறைக்கும் இது கட்டுப்படியாகும். ஓட்டல் ஹால் வேண்டாம், கேன்டீன் போதும்.

அதற்கு முன்பாக முதலாளி செய்ய வேண்டியது ஒன்று. சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் எந்தெந்த முடிவை எடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி ஷெட்டில் ஒட்ட வேண்டும்: இத்தனை மணி நேரம் பர்மிஷன், இத்தனை ரூபாய் வரை செலவு, தரம் கெட்டால் லைனை நிறுத்துவது. எழுதிய பிறகு அதில் தலையிடக் கூடாது. பயிற்சி எப்படி இருந்தது என்பதை அன்று மாலை போய் வந்தவரிடம் கேட்பதோடு, மூன்று மாதம் கழித்து அவருக்குக் கீழே வேலை செய்யும் டெய்லர்களிடமும் அவர்களுக்கு உதவியாக நிற்கும் கைமடிகளிடமும் கேட்க வேண்டும். அவர் பேசும் விதம் மாறியிருக்கிறதா, லீவு கேட்டால் பதில் உடனே வருகிறதா என்று இரண்டு கேள்வி போதும். பெயர் எழுத வேண்டாம். ஒடிசாக்காரருக்கு ஒடியாவில் கேட்கட்டும்.